கொன்றது எதற்காக? மறைசாட்சிகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

புனித சவேரியார் மறைசாட்சி இல்லை, அதாவது விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர் இல்லை. இதைச் சொன்னால் பிறப்பிலேயே கத்தோலிக்கரான பலரும்கூட ஒரு நொடி யோசிப்பார்கள். கோவா, முத்துக்குளித்துறை, மலாக்கா, ஜப்பான் என்று அலைந்தவர், சீனாவுக்குள் நுழைய வழி கிடைக்காமல் அதன் வாசலில் இருந்த சாங்சுவான் தீவில் 1552 டிசம்பர் 3 அன்று இறந்தார். ஆனால் இறந்தது காய்ச்சலில். யாரும் அவரைக் கொல்லவில்லை. இலங்கையில் ஒளிந்து ஒளிந்து பணிசெய்த யோசேப்பு வாஸ் அடிகளாரும் அப்படித்தான். 1711இல் கண்டியில் நோயுற்று இறந்தார். இருவரும் புனிதர்கள், இருவரும் மறைபரப்பாளர்கள், ஆனால் மறைசாட்சிகள் அல்ல.

தேவசகாயம் பிள்ளை விஷயம் நேர் எதிர். அவர் குருவும் இல்லை, வேறு நாட்டிலிருந்து வந்தவரும் இல்லை. திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த குடும்பஸ்தர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றார், 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022இல் புனிதர் ஆனார். இவர் மறைசாட்சி.

ஆக மறைபரப்பாளர் என்பது ஒருவர் செய்த வேலையைச் சொல்வது. மறைசாட்சி என்பது அவர் செத்த விதத்தைச் சொல்வது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தவர்கள் ஆசியாவில் நிறையப் பேர் உண்டு. அவர்களை வைத்து, 'மறைசாட்சி' என்ற பட்டத்தைத் திருச்சபை எப்படித் தீர்மானிக்கிறது என்று பார்க்கலாம்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். கிரேக்கத்தில் 'மார்ட்டுஸ்' என்றால் வெறும் சாட்சி, வழக்கில் வந்து 'நான் பார்த்தேன்' என்று சொல்பவர், அவ்வளவுதான். உரோமைப் பேரரசில் 'நான் கிறிஸ்தவன்' என்று சாட்சி சொன்னவர்கள் அதற்காகவே செத்துப்போனதால் அந்தச் சொல்லுக்கு இரத்த வாடை ஏறிவிட்டது. தமிழில் முன்பு 'வேதசாட்சி' என்றார்கள். 'அர்ச்சியசிஷ்ட' என்பதைச் சுருக்கி 'அர்ச்.' என்று போட்டு, பெயருக்குப் பக்கத்தில் 'வேதசாட்சி' என்றோ 'ஸ்துதியர்' என்றோ அச்சடித்த பழைய செபப்புத்தகங்கள் சில வீடுகளில் இன்னும் இருக்கும். ஸ்துதியர் என்றால் கொல்லப்படாமல், வாழ்ந்த வாழ்க்கையால் விசுவாசத்தை அறிக்கையிட்டவர். சவேரியார் இந்த வகை. கோயிலில் இதை வேறு விதமாகவும் கண்டுபிடிக்கலாம்: மறைசாட்சியின் திருநாளில் குருவானவர் சிவப்பு உடுப்புப் போட்டிருப்பார்.

சரி, யார் மறைசாட்சி? கொலை நடந்திருக்க வேண்டும். அல்லது கொடுமையின் விளைவாகவே சாவு வந்திருக்க வேண்டும். செத்தவர் அதை மனமார ஏற்றிருக்க வேண்டும். கத்தியை எடுத்துச் சண்டை போட்டுச் செத்தால் சேராது, வேண்டுமென்றே சாவைத் தேடிப் போனாலும் சேராது. மூன்றாவதுதான் முக்கியம். கொன்றவர், விசுவாசத்தின் மீது கொண்ட வெறுப்பால் கொன்றிருக்க வேண்டும். கொள்ளைக்காரன் பணத்துக்காக ஒரு சாமியாரைக் குத்தினால் அது கொலைதான், மறைசாட்சியம் இல்லை.

இதிலுள்ள விசித்திரத்தைக் கவனியுங்கள். ஒருவர் புனிதரா இல்லையா என்று முடிவு செய்ய அவர் மனதைப் பார்ப்பதோடு நிற்பதில்லை, அவரை வெட்டியவனின் மனதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அதுவும் நூறு, இருநூறு ஆண்டுகள் கழித்து, காகிதங்களை வைத்துக்கொண்டு.

இதில் தேறிவிட்டால் ஒரு சலுகை உண்டு. பொதுவாக இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், அருளாளர், புனிதர் என்று படிப்படியாக ஏற வேண்டும். அருளாளர் ஆவதற்கு அவர் பரிந்துரையால் ஒரு புதுமை, அதாவது அற்புதம், நடந்ததாக நிரூபிக்க வேண்டும். மறைசாட்சிக்கு அந்தப் புதுமை தேவையில்லை, சாவே போதும். அதனால்தான் சாவின் காரணத்தை இவ்வளவு குடைகிறார்கள்.

ஆசியாவில் இந்தக் காரணம் தெளிவாகக் கிடைப்பது அபூர்வம். 'உன் சாமி எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் கொல்கிறேன்' என்று எந்த அரசனும் ஓலை எழுதி வைப்பதில்லை. அரசியல் இருக்கும், குடும்பச் சண்டை இருக்கும், கடலில் நிற்கும் அந்நியக் கப்பலின் பயம் இருக்கும். இதைப் புரிந்துகொள்ள இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூரை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஓரியூரில் வெட்டுப்பட்டவர் அருளானந்தர். இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. 1647 மார்ச் 1 அன்று லிஸ்பனில் பெரிய இடத்தில் பிறந்தவர். சிறுவயதில் போர்த்துகல் அரண்மனையில் வளர்ந்தார். பின்னாளில் அரசரான இரண்டாம் பேதுரு அவருடைய விளையாட்டுத் தோழர். பையனுக்குக் கடும் நோய் வந்தபோது தாய் சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிழைத்த பிள்ளை ஓர் ஆண்டு முழுக்க இயேசு சபை என்ற துறவற சபையாரைப் போல அங்கி போட்டுத் திரிந்தான். நம் ஊரில் பழனிக்கு நேர்ந்து காவி கட்டுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்ச்சை முடிந்தாலும் அங்கி மனதை விட்டுப் போகவில்லை போலும். 1662இல் இயேசு சபையில் சேர்ந்தார், 1673இல் குருவாகி அதே ஆண்டு கோவாவில் வந்து இறங்கினார்.

அவர் வந்து சேர்ந்த மதுரை மறைத்தளம் 1606இல் இராபர்ட் தெ நோபிலி தொடங்கியது. நோபிலி பிராமண சந்நியாசி கோலத்தில் இருந்தவர். அந்தக் கோலத்தில் எல்லாச் சாதியாரோடும் பழக முடியாது என்பதால் பின்னால் 'பண்டாரசாமி' என்றொரு வகை உருவானது. பிரிட்டோ பண்டாரசாமியானார். காவித் துணி, தலைப்பாகை, கையில் கழி, சோறும் காய்கறியும், புலால் கிடையாது. 'அருளானந்தர்' என்பது இந்தக் கோலத்தோடு வந்த பெயர். இந்த உடையை மறந்துவிடாதீர்கள், உரோமையில் இது திரும்ப வரும்.

1686இல் மறவர் சீமைக்குள் போனார். உபதேசியார்களோடு, அதாவது மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த உள்ளூர்த் துணையாளர்களோடு, பிடிபட்டார். 'சிவ சிவா' என்று சொல்லச் சொல்லி அடித்தார்கள், தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தார்கள், கொதிக்கும் பாறையில் கிடத்தினார்கள். விசாரணை இராமநாதபுரத்துக்குப் போனது. மறவர் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதி அவரைக் கொல்லவில்லை; என் நாட்டில் இனிப் போதிக்கக் கூடாது என்று சொல்லி விட்டுவிட்டார். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வெறும் மத வெறுப்புதான் காரணமென்றால் கதை 1686லேயே முடிந்திருக்கும்.

சபை அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. லிஸ்பனில் பழைய விளையாட்டுத் தோழர் இப்போது அரசர். அங்கேயே இருந்துவிடச் சொன்னார். பிரிட்டோ கேட்கவில்லை. 1690இல் கோவா, அடுத்த ஆண்டு மறுபடியும் மறவர் சீமை.

அங்கே தடியத்தேவர் என்றொரு சிற்றரசர். சேதுபதி பட்டத்துக்கு உரிமை கொண்டாடக்கூடிய வம்சத்தவர். அவருக்குத் தீராத நோய் வந்தது. உபதேசியார் ஒருவர் வந்து நற்செய்தி வாசித்துச் செபித்தார், நோய் குணமாயிற்று. திருமுழுக்கு வேண்டும் என்றார் தேவர். ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்பது பிரிட்டோ வைத்த நிபந்தனை. தேவர் ஒத்துக்கொண்டு மூத்தவரை வைத்துக்கொண்டார், மற்றவர்களுக்குச் சாப்பாட்டுக்கு வழி செய்து விலக்கினார். 1693 ஜனவரி 6 அன்று திருமுழுக்கு நடந்தது. விலக்கப்பட்டவர்களில் இளையவர் கடலாயி சேதுபதிக்குச் சொந்தக்காரப் பெண். நேரே அரண்மனைக்குப் போய் அழுதார்.

இரண்டே நாளில், ஜனவரி 8 அன்று, பிரிட்டோ கைதானார்.

இப்போது சொல்லுங்கள், கொன்றது எதற்காக? குடும்பப் பெண்ணுக்கு நேர்ந்த அவமானமா? பட்டத்துக்குப் போட்டியிடக்கூடியவர் புதிய கூட்டத்தோடு சேர்வது பற்றிய அச்சமா? விதித்த தடையை மீறியதற்கான தண்டனையா? அல்லது மதமா? எனக்கென்னவோ நான்கும்தான் என்று தோன்றுகிறது. கடலாயியின் பக்கத்தை யாரும் அதிகம் எழுதுவதில்லை. புனிதர் வரலாறுகளில் அவர் வில்லியாக வந்து போவார். ஒரு நாள் காலையில் எழுந்தபோது 'நீ இனி மனைவி இல்லை' என்று சொல்லப்பட்ட பெண் வேறு என்ன செய்திருப்பார் என்று கேட்டுப் பார்க்கலாம்.

சேதுபதி தலைநகரில் வைத்துக் கொல்லத் துணியவில்லை, தடியத்தேவர் பக்கம் ஆட்கள் இருந்தார்கள். வெளியே நாடு கடத்தல் என்று பெயர் சொல்லி, பாம்பாற்றங்கரையில் இருந்த ஓரியூருக்கு, தன் தம்பி உடையத்தேவரிடம் அனுப்பினார். கொன்றுவிடும்படி உத்தரவு தனியாகப் போனது. உடையத்தேவரோ நோயாளி. கைதியிடமே தன் நோயைக் குணமாக்கக் கேட்டார் என்கிறது வரலாறு. சிறையிலிருந்து பிரிட்டோ தன் சபைத் தோழர்களுக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். மை இல்லை, கரியைத் தண்ணீரில் குழைத்துத் துரும்பால் எழுதினார். கடவுளின் சட்டத்தைப் போதித்ததுதான் தன் மீதுள்ள குற்றச்சாட்டு என்று அதில் சொல்கிறார். பின்னால் நடந்த விசாரணையில் இந்தக் கரிக் கடிதம் எவ்வளவு கனமான சாட்சியாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

1693 பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன் அன்று தலையை வெட்டினார்கள். அவர் கழுத்தில் தொங்கியதை வெட்டுகிறவன் மாந்திரீகத் தாயத்து என்று நினைத்துத் தொடப் பயந்து, முதலில் அதன் கயிற்றைக் கத்தியால் அறுத்தான். கையும் காலும் வெட்டி உடலைக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள்.

உரோமையில் இந்த வழக்கு இழுத்த இழுப்பு தனிக் கதை. அங்கே அப்போது ஓர் அதிகாரி இருந்தார். புனிதர் பட்டத்துக்கு எதிராக என்னென்ன சொல்ல முடியுமோ அத்தனையையும் எடுத்துவைப்பதே அவர் வேலை. 'சாத்தானின் வக்கீல்' என்று கேலியாகச் சொல்வார்கள். 1983இல் அந்த வேலையின் அதிகாரத்தைக் குறைத்தார்கள். அதுவரை அவரைத் தாண்டுவது லேசில்லை. பிரிட்டோ வழக்கில் வந்த பெரிய ஆட்சேபம் கொலையைப் பற்றியது இல்லை, அந்தக் காவித் துணியைப் பற்றியது! சந்நியாசி கோலம், சாதி வழக்கங்களை அனுசரித்தல் போன்றவற்றை 'மலபார் சடங்குகள்' என்று பெயரிட்டு உரோமை அப்போது கடுமையாக விவாதித்துக்கொண்டிருந்தது. மூடநம்பிக்கையான சடங்குகளை அனுசரித்தவர் எப்படிப் புனிதர் ஆவார் என்பது கேள்வி. 1741இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட், அது இந்த வழக்குக்குத் தடையில்லை என்று தீர்த்தார். அப்புறமும் 1853இல்தான் அருளாளர், 1947 ஜூன் 22 அன்றுதான் புனிதர். வெட்டுப்பட்டு 254 ஆண்டுகள்.

கலந்து கிடக்கும் காரணங்களைத் திருச்சபை எப்படிப் பிரிக்கிறது? அரசியல் காரணம் இருந்தால் வழக்கு விழுந்துவிடாது. ஆனால் விசுவாசத்தின் மீதான வெறுப்பு அதில் உண்மையாகவே வேலை செய்திருக்க வேண்டும். 'இதை விட்டுவிடு, உயிர் பிழைப்பாய்' என்று ஒரு வாய்ப்புக் கொடுக்கப்பட்டு, அதை அவர் மறுத்திருந்தால் பெரும்பாலும் விஷயம் தெளிவாகிவிடும். திருமுழுக்கு கொடுத்ததன் விளைவாகக் கொலை என்றால், அதற்காக வைத்த 'ஒரு மனைவி' ஒழுக்கத்தின் மீது வந்த கோபமும் விசுவாசத்தின் மீது வந்த கோபமே என்று வாதிட இடமுண்டு. திருமுழுக்கு யோவான் தலை போனதும் ஏரோதின் முறைகெட்ட கலியாணத்தைக் கண்டித்ததற்காகத்தானே. பிரிட்டோவின் பெயரும் யோவான்தான் என்பதைப் பிரசங்கிகள் விடுவதில்லை.

நாகசாகியிலும் இதே சிக்கல். 1597 பிப்ரவரி 5 அன்று நிஷிசாகா குன்றில் 26 பேரைச் சிலுவையில் கட்டி ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். உத்தரவு தொயோதொமி ஹிதெயோஷியுடையது. அவர் 1587லேயே பாதிரிமார் வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டவர். ஆனால் வணிகம் வேண்டும் என்பதால் கண்டும் காணாமல் இருந்தார். 1596இல் 'சான் பெலிப்பே' என்ற ஸ்பானியக் கப்பல் ஜப்பான் கரையில் உடைந்தது. சரக்கைப் பறிமுதல் செய்தபோது, முதலில் மறைபரப்பாளர்கள் வருவார்கள், பின்னால் எங்கள் படை வரும் என்கிற பொருளில் மாலுமி ஒருவர் பேசிவிட்டதாகக் கதை. உண்மையிலேயே பேசினாரா என்று பிரான்சிஸ்கன் சபையாரும் இயேசு சபையாரும் வெகுநாள் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டார்கள். எப்படியோ, விளைவு அந்தக் குன்று. இடது காதை அறுத்து, கியோட்டோவிலிருந்து நாகசாகிவரை கடுங்குளிரில் நடத்திக் கூட்டிப்போனார்கள்.

அந்த 26 பேரில் 20 பேர் ஜப்பானியர். லூயி இபாராக்கி என்ற சிறுவனுக்கு 12 வயது. ஒருவர் நம் நாட்டில் பிறந்தவர்: மும்பைக்குப் பக்கத்து வசாயைச் சேர்ந்த கொன்சாலோ கார்சியா. தந்தை போர்த்துகீசியர், தாய் உள்ளூர்ப் பெண். ஜப்பானில் வியாபாரம் செய்து நன்றாக இருந்தவர், மணிலாவில் பிரான்சிஸ்கன் சபையில் சகோதரராகச் சேர்ந்தார். மொழி தெரிந்ததால் மொழிபெயர்ப்பாளராகத் திரும்ப ஜப்பானுக்கே அனுப்பப்பட்டார். 1862இல் இந்த 26 பேருக்கும் புனிதர் பட்டம் கிடைத்தது. அப்போதும் ஜப்பானில் கிறிஸ்தவத்துக்குத் தடை நீங்கியிருக்கவில்லை.

மனமார ஏற்பது என்ற நிபந்தனை எவ்வளவு கடினமானது என்பதையும் ஜப்பான்தான் காட்டியது. பிற்காலத்தில் அங்கே ஆளைக் கட்டித் தலைகீழாகக் குழிக்குள் தொங்கவிடுவார்கள். அரசாங்கத்துக்கு வேண்டியது பிணம் இல்லை, விசுவாசத்தை விட்டுவிடும் மறுதலிப்பு. 1633இல் இயேசு சபைத் தலைவராக இருந்த கிறிஸ்டோவாவ் பெரேரா அந்தக் குழியில் சில மணி நேரத்தில் மறுதலித்தார். 1637இல் மணிலாவைச் சேர்ந்த லொரென்சோ ரூயிஸ் அதே குழியில் மறுதலிக்காமல் செத்தார். இவர் மறைபரப்பாளர் கூட இல்லை. கொலைப் பழி ஒன்றுக்குப் பயந்து கப்பலேறிய குடும்பஸ்தர். 1987இல் பிலிப்பைன்சின் முதல் புனிதர். பெரேராவைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாவைத் தேடிப் போகக் கூடாது என்ற விதிக்கு ஒரு கொரியக் கதை. 1839 துன்புறுத்தலில் பிரெஞ்சு ஆயர் லோரன் இம்பெர் தன்னைத் தானே ஒப்புக்கொடுத்தார். மறைந்திருந்த மோபான், ஷஸ்தான் என்ற இரு குருக்களுக்கும் வந்து சரணடையும்படி எழுதினார். தங்களைத் தேடி மக்களைக் கொல்வது நின்றால் போதும் என்பது அவர் எண்ணம். மூவரும் செப்டம்பர் 21 அன்று சியோலுக்கு அருகே தலை வெட்டப்பட்டார்கள். இது சாவைத் தேடியதா, மந்தைக்காக உயிரைக் கொடுத்ததா? திருச்சபை இரண்டாவது என்று எடுத்துக்கொண்டது. 1984இல் சியோலிலேயே புனிதர்களாக அறிவிக்கப்பட்ட 103 பேரில் இவர்களும் உண்டு. அந்த 103இல் பிரெஞ்சுக்காரர் 10 பேர்தான், மற்றவர்கள் கொரியர்கள். கொரியாவில் திருச்சபையைத் தொடங்கியவர்களே உள்ளூர்ப் பொதுநிலையினர் (குரு அல்லாத சாதாரண விசுவாசிகள்), மறைபரப்பாளர்கள் பிறகுதான் வந்தார்கள்.

வியட்நாமிலும் இதே விகிதம். 1988இல் புனிதரான 117 பேரில் 96 பேர் வியட்நாமியர், 11 பேர் ஸ்பானியர், 10 பேர் பிரெஞ்சுக்காரர். தரையில் வைத்த சிலுவையை மிதிக்கச் சொல்வது அங்கே சோதனை. மிதித்தால் வீடு, மறுத்தால் சாவு. கொன்றவர் மனதில் என்ன இருந்தது என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது. ஆனால் இங்கும் பின்னணியில் பிரெஞ்சுக் கப்பல்கள் நின்றன என்பதை மறைக்க முடியாது. சீனாவின் 120 பேரை 2000 அக்டோபர் 1 அன்று புனிதராக்கியபோது சீன அரசு கோபமாக எதிர்த்தது. அது அவர்களுடைய தேசிய தினம், அந்தப் பட்டியலில் சிலர் ஏகாதிபத்தியத்தின் கையாட்கள் என்பது அவர்கள் வாதம்.

பட்டம் கிடைக்காதவர்களும் உண்டு. இயேசு சபையில் முதலில் கொல்லப்பட்டவர் அந்தோணி கிரிமினாலி. இடம், மண்டபத்துக்கு அருகே வேதாளை, ஆண்டு 1549. ஆனால் அவர் செத்தது வடுகர் (தெலுங்கர்) படை கடற்கரையைத் தாக்கிய சண்டையில். மதத்துக்காகவா, சண்டையில் சிக்கியதாலா? இன்றுவரை அவர் அருளாளர் கூட ஆகவில்லை. மன்னாரில் 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொன்ற புதுக் கிறிஸ்தவர்களும் மக்கள் மனதில் வேதசாட்சிகள்தான், பட்டம் வரவில்லை. அந்த அரசனின் கண்ணில் அவர்கள் போர்த்துகீசியன் பக்கம் சாய்ந்த குடிகள்.

கோவாவின் குங்கோளிம் இன்னும் நெருடலானது. 1583இல் அங்கே ருடோல்ப் அக்வாவிவா உள்ளிட்ட ஐந்து இயேசு சபையாரைக் கிராமத்தார் கொன்றார்கள். அக்வாவிவா, அக்பர் அவையில் இருந்து வந்தவர். கையில் ஆயுதம் இல்லாமல் செத்தவர். ஆனால் அதற்கு முன் போர்த்துகீசியர் அந்த ஊர்க் கோயில்களை இடித்திருந்தார்கள். குருக்கள் வந்து சிலுவை நட இடம் பார்த்தபோது ஊர் கொதித்தது. பிறகு போர்த்துகீசியர் ஊர்த் தலைவர்களைப் பேச்சுவார்த்தை என்று கோட்டைக்கு வரவழைத்துக் கொன்றார்கள். குருக்கள் 1893இல் அருளாளர் ஆனார்கள், அதற்கு மேல் ஏறவில்லை. கொல்லப்பட்ட தலைவர்களுக்கு இப்போது குங்கோளிமில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. சாட்சி என்ற சொல்லை அந்த ஊரில் நின்று சொல்லிப் பார்த்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஓரியூரில் அப்படி இரண்டு பக்கம் இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். அவரைக் கொன்ற அதே சீமையின் மக்கள், இந்துக்களும் கிறிஸ்தவர்களுமாக, நேர்ச்சைக்கு வருகிறார்கள். மொட்டை போடுகிறார்கள், தென்னங்கன்று வைக்கிறார்கள், கிடா வெட்டிப் பொங்கிச் சாப்பிடுகிறார்கள். புலால் தொடாத பண்டாரசாமிக்குக் கிடா! திரும்பும்போது அவர் இரத்தம் பட்டுச் சிவந்ததாக நம்பப்படும் மண்ணில் ஒரு பிடி அள்ளிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள்.